அடைப்புக்குறிக்குள் ஒரு மேயர்: மதுரையில் ‘பொறுப்பு’ப் பதவி

மேயர் விலகினால் துணை மேயர் அமர்வார். சென்னையில் 2002-இல் நடந்ததே மதுரையில் 2025-இலும் நடந்தது என்றொரு வாசிப்பு உண்டு. எளிதாக இருப்பதாலேயே அது நிலைத்துவிட்டது. அதை நான் ஏற்கவில்லை.

சென்னை நிகழ்வை முதலில் சரியாகப் படிக்க வேண்டும். 1996-இலும் 2001-இலும் மு.க. ஸ்டாலினை மேயராக்கியவர்கள் நேரடியாக வாக்களித்த மக்கள். 2001-இல் கராத்தே தியாகராஜனைத் துணை மேயராக்கியவர்கள் மாமன்ற உறுப்பினர்கள். ஒருவர் திமுக, மற்றவர் அதிமுக. ஒருவர் இரு பதவிகளை வகிப்பதைத் தடுத்த 2002 திருத்தச் சட்டத்தை அடுத்து ஸ்டாலின் மேயர் பதவியை இழந்தார்; தியாகராஜன் 2006 வரை பொறுப்பு மேயராக நீடித்தார். மக்கள் ஒரு கட்சிக்குக் கொடுத்த நாற்காலி, அடுத்த தேர்தல் வரை எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. இரு பதவிகளுக்கும் வெவ்வேறு தேர்வுமுறை இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

மதுரையின் நிலை வேறு. 1971-இல் மாநகராட்சியாகி, முத்துவை முதல் மேயராகப் பெற்ற இந்நகரம் நேரடித் தேர்தலையும் மறைமுகத் தேர்தலையும் மாறி மாறிக் கண்டது. 2022-இல் நடந்தது மறைமுகத் தேர்தல். மார்ச் 4 அன்று, 100 உறுப்பினர் கொண்ட ஒரே மாமன்றம் திமுகவின் இந்திராணி பொன்வசந்தை மேயராகவும் மார்க்சிஸ்ட் கட்சியின் நாகராஜனைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுத்தது. திமுகவுக்கு 67 இடங்கள். மார்க்சிஸ்ட் கட்சிக்கு நான்கே. ஆயினும் இருவரும் ஒரே கூட்டணியினர். இருவருக்கும் அதிகாரம் வந்த ஊற்றும் ஒன்றே. ஆகவே 2025-இல் இந்திராணி விலகி, நாகராஜன் பொறுப்பேற்றபோது மதுரையில் கைமாறியது நாற்காலி மட்டுமே; தேர்ந்தெடுத்தவர்களின் தீர்ப்பு மாறவில்லை. 2002-க்கும் 2025-க்கும் பொதுவாக எஞ்சுவது ஒரு பெயர்தான்.

அந்தப் பெயரிலேயே ஒரு பாடபேதம் இருக்கிறது. நாளேடுகள் சில இடங்களில் ‘பொறுப்பு மேயர்’ என்கின்றன. சில இடங்களில் ‘மேயர் (பொறுப்பு)’. முதல் வடிவம் அவரை மேயர்களில் ஒரு வகையினராக்குகிறது. இரண்டாவது, பதவியைத் தனியே நிறுத்தி, அதைப் பார்ப்பவரின் நிலையை அடைப்புக்குறிக்குள் வைக்கிறது. எழுத்தரின் பழக்கம் என்று இதைத் தள்ளிவிடலாம். மதுரையைப் பொறுத்தவரை இரண்டாவதே துல்லியமானது என்று நான் அழுத்தியே சொல்வேன். 2022 ஒதுக்கீட்டின்படி மதுரை மேயர் பதவி பெண்களுக்கு உரியது. நாகராஜன் அந்தப் பணிகளைச் செய்யலாம், மன்றத்துக்குத் தலைமை தாங்கலாம். அந்த ஒதுக்கீடு நீடிக்கும் வரை மேயராகத் தேர்வு பெற முடியாது. அவரது அடைப்புக்குறியைச் சட்டமே போட்டிருக்கிறது. தியாகராஜனுக்கு இத்தகைய தடை இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. நாகராஜன் தேர்வானபோது நடைமுறையில் இருந்தது 1971-ஆம் ஆண்டின் மதுரை மாநகராட்சிச் சட்டம். 1998-இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு சட்டத்தின் கீழ் தேர்வாகி, மற்றொன்றின் கீழ் பொறுப்பேற்றவர் அவர். இதிலிருந்து பெரிய முடிவு எதையும் பெற நான் துணியவில்லை. ஆனால் சென்னையின் நிழலில் மதுரையை வாசிப்போர் இதைக் கடந்துபோகக் கூடாது.

நாகராஜனின் பொறுப்பு தொடங்கிய நாளும் விவாதத்துக்குரியதே. இந்திராணியின் விலகல் 2025 அக்டோபர் 15-இல் வெளிவந்தது. 17-இல் கூடிய சிறப்புக் கூட்டம் அதை ஏற்றது. கடிதம் விருப்பத்தைச் சொல்கிறது, மன்றமே இடத்தைக் காலியாக்குகிறது என்பதால் 17-ஐக் கொள்வதே பொருத்தம் எனக் கருதுகிறேன். இடையிலிருந்த இரண்டு நாட்களுக்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வியைத் திறந்தே வைக்கிறேன்.

மேயர் பட்டியலில் முத்து முதல் இந்திராணி வரை பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அடைப்புக்குறிக்குள் பணியாற்றியவரையும், அந்தக் குறியை நீக்காமலேயே, அதில் எழுத வேண்டும்.