வழுக்கையும் பொடுகு நுண்ணுயிரும்: ஒரு மருத்துவக் கொள்கையின் வீழ்ச்சியும் மீள்வருகையும்

பொடுகுக்கென விற்கப்படும் கீற்றோகொனசோல் ஷாம்பூவைப் பொடுகு இல்லாத ஆடவரும் வாங்கிச் செல்வதுண்டு. உதிரும் தலைமயிரை நிறுத்துவதே இவர்களது நோக்கம். பங்கசைக் கொல்லும் மருந்தொன்று ஆண்களின் வழுக்கைக்கு மருந்தாகக் கருதப்படலாயிற்று எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காணப் புகுவோர் நூறாண்டுகளுக்கும் அதிகமாகப் பின்னோக்கிச் செல்லவேண்டியவராவர். வழுக்கை நுண்ணுயிரால் விளையும் நோய் என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே செல்வாக்குப் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கைவிடப்பட்டது. 1998ஆம் ஆண்டில் வேறு கோலத்துடன் திரும்பி வந்தது. அக்கொள்கையின் போக்கினை நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

வழுக்கைக்கு மருந்து தேடும் முயற்சி மிகப் பழைமையானது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் பப்பிரசுச் சுவடியிலே சிங்கம், நீர்யானை, முதலை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பினைத் தலையிற் பூசும்படி கூறப்பட்டுள்ளது. கிரேக்க நாட்டு ஹிப்போக்கிறற்றீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூற்பாக்களுள் ஒன்றோ, விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை எனக் குறிப்பிடுகின்றது. இவ்விரண்டும் இருவேறு நோக்குகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. முன்னையது குறையைத் தலையின் மேற்பரப்பிலே தேடுகின்றது. பின்னையது உடலின் உள்ளே தேடுகின்றது. பின்னைய அவதானம் ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் எவராலும் முறையாகப் பரிசோதிக்கப்படாமலே கிடந்தது. வழுக்கையின் மருத்துவ வரலாற்றினை இவ்விரு நோக்குகளுக்குமிடையே நிகழ்ந்த இழுபறி எனலாம்.

1882ஆம் ஆண்டிலே கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததன் பின்னர், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமியைக் காண்பதே மருத்துவ ஆய்வாளரின் பெருவிருப்பாயிற்று. தலைத்தோலும் நுணுக்குக்காட்டிக்குத் தப்பவில்லை. 1874இல் பிரெஞ்சு ஆய்வாளரான மலசே பொடுகுச் செதில்களிலே மதுவத்தை ஒத்த நுண்ணுயிர்களைக் கண்டு விவரித்திருந்தார். 1884இல் இத்தாலியரான பிற்சொசேறோவும் அவற்றை ஆராய்ந்தார். ஹம்பேர்க் நகரிலே தோல் மருத்துவராக விளங்கிய ஊன்னா 1887இல் எண்ணெய்ப்பசை மிக்க தோலழற்சியைத் தனி நோயாக வகுத்தார். ஜேர்மனியில் லசார், பிஷப் ஆகிய இருவரும், மயிர் உதிரும் ஒருவரின் தலையிலிருந்து எடுத்தவற்றை வசலினிற் குழைத்துச் சிறு விலங்குகளின் தோலிலே தேய்த்து, அவ்விடத்தில் மயிர் உதிர்ந்ததாக அறிவித்தனர். அப்பரிசோதனை அக்கால மருத்துவ நூல்களிலே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. தேய்த்ததனால் உதிர்ந்ததா, கிருமியினால் உதிர்ந்ததா என்ற ஐயம் இன்று நமக்கு எழுகின்றது. அன்று அது பெரிதாகக் கொள்ளப்படவில்லை.

இக்கொள்கைக்கு அறிவியல் மதிப்பினை ஈட்டிக் கொடுத்தவர் பரிஸ் நகரின் சென் லூயி மருத்துவமனையைச் சேர்ந்த றேமோன் சாபுறோ (1864-1938) ஆவார். எண்ணெய்ப்பசை மிகுந்த மயிர்ப்புடைப்புகளிலே ஒரு நுண்கோலுயிர் அடைபட்டுக் கிடப்பதைக் கண்ட அவர், அவ்வுயிரே எண்ணெய் மிகைப்பையும் அதன் வழியாக வழுக்கையையும் விளைவிக்கின்றது என 1897இல் வாதிட்டார். சாபுறோவைப் போலி மருத்துவராகக் கருதுவதற்கில்லை. தலையிற் படரும் படர்தாமரை நோயின் பங்கசுகளை ஒழுங்குபடுத்தி ஆராய்ந்தவர் அவரே. பங்கசுகளை வளர்ப்பதற்கு அவர் வகுத்த ஊடகம் இன்றும் அவர் பெயராலேயே ஆய்வுகூடங்களில் வழங்குகின்றது. அவரது தவறு கவனக்குறைவினால் நேர்ந்ததன்று. பருவமடையும்போது ஆண் ஓமோன் பெருகுகின்றது. அதனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பருக்கின்றன. எண்ணெயை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் பல்குகின்றன. அதே ஓமோன்தான், பிறப்பிலேயே அதற்கு ஆளாகக்கூடிய மயிர்ப்புடைப்புகளைச் சிறுகச் செய்கின்றது. ஆகவே எண்ணெய், நுண்ணுயிர், வழுக்கை என்னும் மூன்றும் ஒரே தலையிலே ஒருங்கு காணப்படுகின்றன. நுணுக்குக்காட்டியிலே கண்ணுக்குத் தெரிந்தது நுண்ணுயிர் மட்டுமே. ஓமோன் என்ற சொல்லே அன்று உருவாகியிருக்கவில்லை.

இவ்வரலாற்றிலே எமது நாட்டுக்கும் சிறியதோர் இடமுண்டு. இத்தாலியரான அல்டோ கஸ்ரெல்லானி 1903ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்து, இங்கு நுண்ணுயிராய்வுக்குப் பொறுப்பாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். பறங்கி நோயின் கிருமியை 1905இல் அவர் கண்டறிந்தது கொழும்பிலேயாகும். அவரும், இலங்கை மருத்துவக் கல்லூரியிற் கடமையாற்றிய அல்பேட் சால்மர்சும் இணைந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கைந்நூல் 1910இல் வெளிவந்தது. பொடுகு மதுவத்திற்குப் பிற்றிறோஸ்போரம் ஓவேல் என்ற இருசொற் பெயர் அந்நூலின் 1913ஆம் ஆண்டுப் பதிப்பின் வழியாகவே நிலைபெற்றது. அதன் முற்பகுதியாகிய பேரினப் பெயரைச் சாபுறோ 1904இலேயே ஆக்கியிருந்தார். பின்னர் மலசேயின் பெயரையே தாங்கிய மலசீசியா என்ற பேரினப் பெயர் மீண்டும் முதன்மை பெற்றது. 1996இல் அப்பேரினம் ஏழு இனங்களாகப் பகுக்கப்பட்டது. எனினும், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே பொடுகு பற்றி எழுதியோர் யாவரும் கொழும்பிலே பணியாற்றிய இருவரின் பெயரோடு இணைந்த பெயரையே கையாண்டனர். பெயர்கள் இவ்வாறு மாறியமை வெறும் நூலகச் செய்தியன்று. சாபுறோ வழுக்கைக்குக் காரணமெனக் கொண்டது பற்றீரியாவை. பொடுகிற் கண்டது மதுவத்தை. இவ்விரண்டும் வெவ்வேறானவை. மக்கள் மனத்திலோ இரண்டும் ஒன்றாகி, பொடுகுக் கிருமியே வழுக்கைக்குக் காரணம் என்ற எளிய நம்பிக்கையாகத் திரண்டன.

அந்நம்பிக்கையை வணிகர் விரைந்து பற்றிக்கொண்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகுதியாக விளம்பரம் பெற்ற ஹேர்ப்பிசைட் என்னும் தைலம், பொடுகுக் கிருமியைக் கொன்றால் வழுக்கையும் நீங்கும் என்ற வாதத்தின் மீதே விற்கப்பட்டது. இத்தகைய தைலங்கள் பல வந்து மறைந்தன. மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படும் மயிர் வளர்ப்புத் தைலங்களின் பயன் நிறுவப்படவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் தீர்ப்பளித்தது 1989இலேயாகும்.

கொள்கையளவில் அதற்கு முடிவு கட்டியவர் ஜேம்ஸ் ஹமில்ற்றன். ஹிப்போக்கிறற்றீசு காலத்து அவதானத்தை அவர் பரிசோதனைக்கு உட்படுத்தினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழாமையையும், அவர்களுக்கு ஆண் ஓமோன் ஏற்றப்பட்டபோது வழுக்கைக்குப் பரம்பரைச் சார்புடையோர்க்கு அது தோன்றியமையையும் 1942இல் வெளியிட்டார். 1959இல் ஓறென்றைக் என்னும் நியூயோர்க் மருத்துவர் பின்தலைத் தோலை மயிருடன் எடுத்து, வழுக்கை விழுந்த முன்தலையிலே நட்டு, அது அங்கும் வளர்வதைக் காட்டினார். நுண்ணுயிர்க் கொள்கைக்கு இதனைவிடப் பெரிய அடி வேறில்லை என்பது எமது கருத்து. முன்தலையின் எண்ணெயும் நுண்ணுயிரும் அவ்வாறே இருக்க, வந்து குடியேறிய மயிர் மட்டும் உதிராமல் நின்றது. எனவே விதி எழுதப்பட்டிருந்தது தோலின் மேற்பரப்பிலன்று, மயிர்ப்புடைப்பிலேயாகும். 1974இல் டொமினிக்கன் குடியரசிலே ஆண் ஓமோனை மேலும் வலியதாக மாற்றும் நொதியம் பிறப்பிலேயே குறைந்த ஆடவர் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அந்நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்ரறைட் 1997இல் வழுக்கைக்கென அங்கீகரிக்கப்பட்டது. குருதியமுக்கத்திற்கென உருவாக்கப்பட்டு, பின்னர் தலையிற் பூசும் மருந்தாகிய மினொக்சிடில் 1988இலேயே அங்கீகாரம் பெற்றிருந்தது.

நுண்ணுயிர்க் கொள்கை இவ்வாறு ஓய்ந்திருந்த வேளையிலே கீற்றோகொனசோல் தோன்றியது. பெல்ஜியத்தின் பேர்சே என்னும் ஊரிலுள்ள யான்சென் ஆய்வுகூடத்திலே 1970களின் பிற்பகுதியில் அது உருவாக்கப்பட்டது. உடலின் உட்புறத்தே பரவும் பங்கசு நோய்களுக்கு வாய்வழி கொடுக்கத்தக்க மருந்தாக 1981இல் அமெரிக்காவிலே அங்கீகரிக்கப்பட்டது. அதனை உட்கொண்ட ஆண்கள் சிலர்க்கு மார்பு பருத்தமை அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. அதன் காரணத்தை 1982இல் வெளியான ஆய்வு காட்டியது: அம்மருந்து ஆண் ஓமோனின் உற்பத்தியையே தடுக்கின்றது. பங்கசு தன் கலச்சவ்வுக்கு வேண்டிய எர்கொஸ்தரோலை ஆக்கப் பயன்படுத்தும் நொதியமும், மனித உடல் ஆண் ஓமோனை ஆக்கப் பயன்படுத்தும் நொதியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாக்க வந்த மருந்து மிகுந்த அளவிலே மற்றையதையும் தாக்கியது. பக்கவிளைவே பயனாக மாற, 1983 முதல் புறோஸ்ரேற் புற்றுநோய்க்கும் அது கையாளப்பட்டது. பங்கசைக் கொல்வதும் ஆண் ஓமோனைக் குறைப்பதும் ஒரே மூலக்கூறிற் கூடியிருந்தமை எவர் மனத்திலும் ஓர் எண்ணத்தைத் தோற்றுவித்திருக்கும். சாபுறோவின் வழியும் ஹமில்ற்றனின் வழியும் இங்கு ஒன்றுகூடின.

பொடுகுக்கான இரண்டு வீத ஷாம்பூ 1990இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வழுக்கை விழும் தலையிலே மயிர்ப்புடைப்பின் மேற்பகுதியைச் சூழ்ந்து மெல்லிய அழற்சி காணப்படுவதைக் காட்டிற்று. அழற்சி உண்டெனின் அதனைத் தூண்டுவது யாது என்ற வினா எழுந்தது. மூடப்பட்ட கதவு சற்றே திறந்தது. 1998இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த பியெறார் குழுவினர், கீற்றோகொனசோல் ஷாம்பூவை மருந்து கலவாத ஷாம்பூவோடும் மினொக்சிடிலோடும் ஒப்பிட்டனர். மயிரின் செறிவும் பருமனும், வளர்நிலையிலுள்ள புடைப்புகளின் வீதமும் மினொக்சிடிலுக்கு ஏறத்தாழ நிகராக உயர்ந்தன என அறிவித்தனர். மலசீசியாவுக்கு இதிலே பங்கிருக்கலாம் எனவும் கருதினர். நூறாண்டுகளுக்கு முன் சாபுறோ கூறியதை இது முழுமையாக மீட்கவில்லை. முதற்காரணம் என்ற அரியணையில் அன்றி, துணைக்காரணம் என்ற சிற்றிருக்கையிலேயே நுண்ணுயிர் இம்முறை அமர்த்தப்பட்டது.

இவ்வாய்வின் மீது எழுப்பப்பட்ட மாளிகை அதன் அத்திவாரத்தினும் பெரிதென்றே நாம் கருதுகின்றோம். ஆராயப்பட்டோர் சிலரே, ஆய்வாளருள் மருந்தினை உருவாக்கிய நிறுவனத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர், பெருந்தொகையினரிடம் மீண்டும் ஆராயவேண்டும் என அவர்களே எழுதியிருந்தனர். அப்பெருந்தொகை ஆய்வு வரவில்லை. சிறு ஆய்வுகளே தொடர்ந்தன. 2002இல் டெல்லியில் 100 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஒப்பீட்டிலே பினாஸ்ரறைட்டுடன் இந்த ஷாம்பூவைப் பயன்படுத்தியோர் பத்துப் பேரே. அவ்வாண்டிலேயே பியெறார் குழுவினர் பொடுகும் மயிருதிர்வும் ஒருங்கேயுள்ள 150 ஆண்களிடம் மூவகைப் பொடுகு ஷாம்பூக்களை ஒப்பிட்டபோது மூன்றுமே உதிர்வைக் குறைத்தன. 2003இல் 200 ஆண்கள் பங்குகொண்ட ஆய்விலே, நாகம் கலந்த பொடுகு மருந்தாகிய சிங் பிரிதியோனும் சிறிதளவு பயன் தந்தது. ஆயின் மினொக்சிடிலின் பயனில் அரைப்பங்கையும் அது எட்டவில்லை. இம்முடிவு கவனிக்கத்தக்கது. ஆண் ஓமோனைத் தடுக்கும் மருந்தெனக் கொள்ளப்படாத ஒன்றும் சிறிது பயன் தருமாயின், கீற்றோகொனசோலின் பயனுக்கும் ஓமோனைக் காரணம் காட்டவேண்டிய அவசியமில்லை. மறுபுறத்தில், யப்பானிய ஆய்வாளர் 2007இல் ஆறு ஆண்களிடம் கீற்றோகொனசோல் பூச்சு மருந்தின் பயனைக் கண்டு, அது ஓமோனைத் தடுப்பதாலேயே நிகழ்கின்றது என விளக்கினர். ஆறு பேரைக் கொண்டு இவ்வழக்கினைத் தீர்த்தல் இயலாது. 2020இல் இவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் மனிதரிடம் செய்யப்பட்டவை ஏழினையே கண்டனர்.

பெரிய ஆய்வு வராமைக்குப் பொருளியற் காரணமும் உண்டென எண்ணுகின்றோம். காப்புரிமைக் காலம் கடந்து, பலராலும் மலிவாகச் செய்யப்படும் மருந்தொன்றுக்குப் பெரும் பணம் செலவிட்டுச் சான்று தேட எந்நிறுவனமும் முன்வருதல் அரிது. சான்று இல்லாமலே விற்பனை நடைபெறும்போது அதற்குத் தேவையும் இல்லை. பொடுகுக்கெனவே அங்கீகாரம் பெற்ற புட்டியை வாங்குவோரே தம் தலையிலே தனித்தனியாகப் பரிசோதனை நடத்துகின்றனர். அப்பரிசோதனைகளின் பெறுபேறுகளை எவரும் பதிவு செய்வதில்லை.

மாத்திரையின் கதை வேறு விதமாக முடிந்தது. ஈரலுக்கு விளையும் கடுந்தீங்கு காரணமாக வாய்வழிக் கீற்றோகொனசோலைப் பங்கசு நோய்களுக்கு வழங்குவதை நிறுத்துமாறு ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவும் அவ்வாண்டிலே அதனைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஷாம்பூவுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை. ஐந்து நிமிடமளவில் தலையிலிருந்து கழுவப்படும் அதிலிருந்து அளவிடத்தக்க மருந்து குருதியிற் கலப்பதில்லை என்பதே காரணம். ஆண் ஓமோனைக் குறைக்கும் என்ற நம்பிக்கையோ 1982இல் மாத்திரை உண்டோரின் குருதியிலே அளவிடப்பட்டதிலிருந்து பிறந்தது.