மழை போன வழியும் மாமாவின் கேள்வியும்

போன ஆடியில ஊருக்குப் போயிருந்தேன். மாமாவோட குறுவை வயல்ல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைப் ஒண்ணு நட்டு வெச்சிருந்தது. பைப்புக்குள்ள தண்ணி, தரைமட்டத்துக்குக் கீழ 15 சென்டிமீட்டர் இறங்கினா மறுபடி பாய்ச்சணும். நம்ம ஆளுங்க காலங்காலமா 'காய்ச்சலும் பாய்ச்சலும்'னு சொல்றாங்களே, அதேதான். இப்படிச் செஞ்சா தண்ணியும் மிச்சம், மீத்தேனும் குறையும், கார்பன் கிரெடிட்ல காசும் வரும்னு ஒரு கம்பெனிக்காரர் சொல்லிட்டுப் போயிருக்கார்.

"தண்ணி எறங்குறது பைப்புல தெரியுது மாப்ள. காத்துல போறத எவன் அளந்தான்?"ன்னு மாமா கேட்டார். கம்பெனிக்காரர்கிட்டயும் கேட்டாராம். "அதுக்கு சூத்திரம் இருக்குங்க"ன்னு பதில் வந்ததாம். கேள்வி என் மண்டையைக் குடைய ஆரம்பிச்சிடுச்சு.

தேடிப் போனா, கதை லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட்ங்கிற பண்ணையில போய் நிக்குது. உர வியாபாரி ஜான் லாஸும் வேதியியல்காரர் கில்பர்ட்டும் 1843ல ஆராய்ச்சி ஆரம்பிச்ச இடம். பெய்யற மழையில எவ்வளவு மண்ணுக்குள்ள இறங்குது, எவ்வளவு திரும்ப ஆவியா போகுதுன்னு பார்க்க, 1870ல இவங்க ஒரு காரியம் பண்ணாங்க. ஏக்கர்ல ஆயிரத்துல ஒரு பங்கு (நம்ம கணக்குல ஒரு சென்ட்ல பத்துல ஒண்ணு) நிலத்தைச் சுத்தி வெட்டி, செங்கல் சுவர் எழுப்பி, அடியில ஓட்டை போட்ட இரும்புத் தகடு சொருகினாங்க. உள்ள இருக்கற மண்ணைக் கலைக்கவே இல்ல. 20, 40, 60 அங்குல ஆழத்துல மூணு தொட்டி. அந்த அளவு நிலத்துல ஒரு அங்குல மழை பெஞ்சா சுமார் 103 லிட்டர் தண்ணி. கீழ வடிஞ்சதைப் பிடிச்சு அளந்தா, மிச்சம் மேல போனதுதானே? பெஞ்சதுல கிட்டத்தட்ட பாதி வடிஞ்சது. கூடவே நைட்ரேட்டும் வடிஞ்சது. உர வியாபாரிக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனா அது பயிர் இல்லாத வெறும் மண்ணு. அதுவும் இப்படி ஒரு தொட்டி கட்ட, ஒரு முதலாளியே பண்ணை வெச்சிருந்தாத்தான் முடியும்.

அதே பண்ணையில 1937ல வேலைக்குச் சேர்ந்தவர் ஹோவர்ட் பென்மன், இயற்பியல்காரர். வெயில், வெப்பம், ஈரப்பதம், காத்து வேகம் இந்த நாலும் தெரிஞ்சா போதும், நிலத்துலேர்ந்து எவ்வளவு தண்ணி ஆவியாகும்னு கணக்கே போட்டுடலாம்னு 1948ல எழுதினார். வெயில் நேரத்தை அளந்த கருவி என்னன்னு நினைக்கறீங்க? ஒரு கண்ணாடி உருண்டை. வெயில் அதுக்குள்ள குவிஞ்சு அட்டையைப் பொசுக்கும். பொசுங்கின கோட்டோட நீளம்தான் வெயில் நேரம். என்னைக் கேட்டா, இந்த விஷயத்துல ஏழைக்கு ஏத்த முதல் கருவி பென்மனோட சமன்பாடுதான். மாமாகிட்ட சொன்ன 'சூத்திரம்'ங்கிற பழக்கத்துக்கும் அவரே தாத்தா. ஒரு வித்தியாசம், பென்மன் தன் கணக்கைத் தொட்டியில அளந்த அளவோட சரிபார்த்தார்.

ஜான் மான்டீத்தும் அங்கேதான் இருந்தார். (பிற்பாடு 1987லேர்ந்து நாலு வருஷம் ஹைதராபாத் இக்ரிசாட்ல வேலை பார்த்தவர்.) 1960ல அவரும் சைச்சும் சர்க்கரைக்கிழங்கு வயலுக்கு மேல பல உயரங்கள்ல கரியமில வாயுவை அளந்து, பயிர் எவ்வளவு இழுக்குதுன்னு கணக்கிட்டாங்க. இதுக்கு முன்னாடியே, 1951ல, ஆஸ்திரேலியாவுல ஸ்வின்பேங்க் இன்னொரு வழி காட்டியிருந்தார். காத்துச் சுழல் ஒவ்வொண்ணும் மேல எவ்வளவு தூக்கிட்டுப் போகுது, கீழ எவ்வளவு கொண்டுவருதுன்னு நேரடியா அளக்கறது. இன்னிக்கு வயல்ல கோபுரம் நட்டு, வினாடிக்குப் பத்து இருபது தடவை அளக்கறாங்களே, அது இந்த வழிதான். விலை? பல லட்சம் ரூபா. ஒரு மாவட்டத்துக்கு ஒண்ணு வைக்கறதே கஷ்டம்.

விலை இறங்கினது வேற திசையிலேர்ந்து. ஸ்வீடன்ல லுண்டகோர்டுன்னு ஒருத்தர் 1920கள்லயே மண்மேல மணி மாதிரி ஒண்ணைக் கவுத்து, உள்ள சேர்ற கரியமில வாயுவை அளந்தவர். அதே நாட்டுல லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்துக்காரங்க 2015ல, கட்டடங்கள்ல காத்தோட்டம் பார்க்கறதுக்குன்னு செஞ்ச மலிவு சென்சாரை எடுத்து அந்த மாதிரிக் கவுத்த டப்பாவுக்குள்ள வெச்சாங்க. ஜெர்மனியில கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தார் 2019ல, கோபுரத்து மேல இருக்கற விலையுயர்ந்த ஈரக் கருவிக்குப் பதிலா சாதா ஈரப்பத சென்சாரை மாட்டினாங்க. அது கொஞ்சம் மந்தம். அந்த மந்தத்தைக் கணக்குல சரிக்கட்டினாங்க.

மாமா கேட்ட மீத்தேனுக்கு 2020ல லின்ஷோப்பிங்காரங்களே வழி பண்ணாங்க. கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கற சென்சார் இருக்கில்ல, அந்த வகை. நாமே செஞ்சுக்கற மாதிரி வடிவமைப்பையும் பொதுவுல வெச்சுட்டாங்க. சூடும் ஈரமும் ஏறினா அது தப்பாக் காட்டும், ஒவ்வொண்ணையும் தனித்தனியா சரிபார்க்கணும். சேத்து வயல்ல சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்ன பஞ்சம்!

நேத்து போன்ல மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னேன்.

"கேஸ் கசியுதான்னு பாக்கறதுதானே? ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ள. கவுக்கறதுக்கு டிரம்மு எங்கிட்ட இருக்கு."

சென்சாருக்கு ஆர்டர் போட்டாச்சு. தங்கமணிக்குத் தெரியாது.