நேற்றைய ரொட்டியும் இன்றைய காலையும்

சில திங்களுக்கு முன்னர் எங்கள் இல்லத்து அடுக்களையில் ஒரு சிறு தோல்வி நிகழ்ந்தது. மெக்சிக்கோ நாட்டாரின் உறைப்பான காலையுணவு ஒன்றைப்பற்றி நூலொன்றிற் படித்த யான், அதனை நாமும் செய்து பார்ப்போமே என்று மனைவியாரிடம் கூறினேன். அவ்வுணவுக்கு முதலிற் சோள ரொட்டி வேண்டும். கடையிற் சோள மா வாங்கி, வெந்நீர் விட்டுக் குழைத்தோம். வட்டமாகத் தட்ட முற்பட்டபோது விளிம்பெல்லாம் வெடித்தது. கல்லில் இட்டபோது துண்டு துண்டாயிற்று. "இது பிட்டுக்கு ஆகுமேயன்றி ரொட்டிக்கு ஆகாது" என்று மனைவியார் தீர்ப்புக் கூறினார்.

அத்தீர்ப்பு முற்றிலுஞ் சரியே. நூலில் ஓரிடத்திற் சுண்ணாம்பு என்று எழுதியிருந்தது. வெற்றிலைக்கு உரிய சுண்ணாம்புக்கு அடுக்களையில் என்ன வேலை என்று எண்ணி, அதனை யானே விலக்கிவிட்டேன். பின்னர் இவ்வரலாற்றை ஆராய்ந்தபோதுதான், இதே பிழையை ஒரு காலத்தில் ஐரோப்பாக் கண்டமே செய்திருந்தது என்பதை அறிந்தேன். என் பிழையால் ஒரு நாட் காலையுணவு கெட்டது. ஐரோப்பியர் பிழையால் இலட்சக்கணக்கான ஏழை மக்கள் நோயுற்று வருந்தினர். அவ்வரலாற்றை இன்று தங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

அவ்வுணவின் பெயர் சிலாக்கீலஸ் என்பது. மெக்சிக்கோவின் பழங்குடியினராகிய அஸ்தெக்கர் பேசிய நாவாத்தல் மொழியிலிருந்து வந்த சொல் அது. மிளகாயைக் குறிக்கும் 'சில்லி' என்னுஞ் சொல் அதன் முன்னே நிற்கின்றது. செய்யும் முறை எளியது. முதல் நாள் மிஞ்சி உலர்ந்துபோன சோள ரொட்டிகளை நான்காக வெட்டி, மொறுமொறுப்பாகப் பொரித்தெடுப்பர். தக்காளிப்பழம், மிளகாய், வெண்காயம், உள்ளி ஆகியவற்றைச் சூடான கல்லிலே கருக வாட்டி அரைத்து, சிறிது எண்ணெயில் இட்டுக் கொதிக்க வைப்பர். பச்சை நிறச் சாறு வேண்டுவோர், தோலுறைக்குள் காய்க்கும் ஒருவகைப் பச்சைத் தக்காளியைக் கொள்வர். சிவப்பு வேண்டுவோர் செத்தல் மிளகாயைக் கொள்வர். உண்ணும் வேளையிற் பொரித்த துண்டுகளைச் சாற்றிற் புரட்டி, மேலே பாற்கட்டியை உதிர்த்து, ஆடையையும் வெண்காய வளையங்களையும் கொத்தமல்லித் தழையையும் இட்டு, பொரித்த முட்டையோடும் மசித்த அவரை விதையோடும் பரிமாறுவர். சற்றே தாமதித்தால் துண்டுகள் ஊறிக் குழைந்துவிடும். ஆதலின் வீட்டார் அனைவரும் அமர்ந்த பின்னரே தாய் அதனை இறக்குவாள். குவாதலஹாரா நகரத்தாரோ, அது குழைந்து தடிப்பதையே சுவையெனக் கொள்வர்.

பழஞ்சோற்றைப் பிசைந்து உண்டு வளர்ந்த நமக்கு, மிஞ்சியதைக் காலையுணவாக்கும் இந்தச் சிக்கனம் புதியதன்று. ஆயின் ஒரு வட்ட ரொட்டியைக்கூட அந்நாட்டார் ஏன் எறிய மனங்கொள்வதில்லை என்பதை அறிதற்கு, அந்த ரொட்டி பிறக்கும் விதத்தை அறிதல் வேண்டும்.

சோளம் என்று இங்கு யான் கூறுவது மக்காச்சோளத்தையே. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், மெக்சிக்கோவின் தென்மேற்கிலுள்ள பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னுங் காட்டுப் புல்லிலிருந்து மனிதர் அதனைப் பயிராக்கினர் என்பது இன்றைய அறிஞர் துணிபு. அந்தப் புல்லின் கதிரிற் கல்லைப்போன்ற உறைக்குள் அடங்கிய சில மணிகளே இருந்தன. தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைத் தெரிந்து நட்ட உழவரின் பொறுமையே இன்றைய பெருங்கதிரை நமக்குத் தந்தது.

உழவரின் கை செய்தது ஒருபாதியெனின், மறுபாதியைச் செய்தவர் பெண்கள். உலர்ந்த சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையிற் பலமுறை கழுவித் தோலை நீக்குவர். ஒரு கிலோச் சோளத்துக்குப் பத்துக் கிராம் அளவு நீற்றிய சுண்ணாம்பு போதும். இவ்வாறு பதப்படுத்திய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். சாம்பலைக் குறிக்கும் சொல் அதனுள் அமைந்திருத்தல் கொண்டு, சாம்பல் நீரும் இதற்குப் பயன்பட்டமை விளங்கும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது இம்முறை. சுண்ணாம்பு, மணியின் தடித்த தோலைத் தளர்த்துகின்றது. அரைத்த மாவுக்கு ஒட்டுந் தன்மையைக் கொடுக்கின்றது. எங்கள் ரொட்டி வெடித்தமைக்குக் காரணம் அச்சுண்ணாம்பு இல்லாமையே. அதனினும் மேலான ஒரு பணியையும் அது செய்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பதமான சோளத்தை, மெத்தாத்தே என்னும் மூன்று காற் கல்லம்மியின் முன் முழந்தாளிட்டு, குழவியை இரு கையாலும் முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பெண்கள் அரைத்தனர். ஒரு குடும்பத்தின் ஒரு நாளைத் தேவைக்கு ஐந்தாறு மணி நேரம் இவ்வாறு உழைக்க வேண்டியிருந்தது. விடியுமுன் எழுந்து அரைத்தால்தான் வயலுக்குச் செல்வோர் உண்டு செல்ல முடியும். முழங்காலும் முதுகும் தேய, நாள்தோறும் இத்தொழில். இவ்வளவு உழைப்பு அடங்கிய ரொட்டி காய்ந்துபோயிற்று என்று எவள் அதனை எறிவாள்? மிளகாய்ச் சாற்றினால் அதனை மீண்டும் உயிர்ப்பித்தாள்.

அடுத்து மிளகாய். இதற்கும் தாயகம் அமெரிக்காக் கண்டமே. நாம் நாள்தோறும் உண்ணும் வகை மெக்சிக்கோ நாட்டிலே பயிராக்கப்பட்டது. 1492இல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் குழுவினர், மிளகுக்குப் பதிலாக இதனைக் கண்டனர். ஸ்பானிய மொழியில் மிளகுக்கு 'பிமியெந்தா' என்பது பெயர். புதிய காய்க்கு 'பிமியெந்தோ' என்று பெயரிட்டனர். போர்த்துக்கேயர் வழியாக அது நம் கரைகளை அடைந்தபோது நம் முன்னோரும் அவ்வாறே, தாம் அறிந்த மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றனர். உலகின் இரு கோடியிலிருந்த இரு இனத்தார், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே வழியிற் சிந்தித்துப் பெயரிட்டமை வியப்புக்குரியது. மிளகாயின்றிக் கறியுண்டா என்று கேட்கும் நம் மாணவர்க்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் அடுக்களையில் அது இருந்ததில்லை என்று கூறினால் எளிதில் நம்பார்.

1519இல் ஸ்பானியத் தளபதி ஏர்னான் கோர்த்தேஸ் மெக்சிக்கோக் கரையில் இறங்கினான். 1521 ஆகஸ்ட் 13ஆந் தேதி அஸ்தெக்கரின் தலைநகராகிய தெனோச்தித்லான் வீழ்ந்தது. வாளும் புதிய நோய்களும் குடிகளை அழித்த அக்காலத்தில், பெர்னார்தீனோ தே சகாகூன் என்னுந் துறவி, நாவாத்தல் அறிஞர் துணையோடு அம்மக்களின் வாழ்க்கையை அவர்தம் மொழியிலேயே பன்னிரண்டு பாகங் கொண்ட நூலாகத் தொகுத்தார். சந்தையிற் சோள ரொட்டி விற்போர், மிளகாய்ச் சாறு விற்போர் ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். வென்றவர்கள் மாட்டையும் பன்றியையும் கோழியையும் கொண்டுவந்தனர்; வெண்காயமும் உள்ளியும் கொத்தமல்லியும் அவர்களோடு வந்தன. நாம் முன்னர்க் கூறிய காலையுணவுத் தட்டை மீண்டும் நோக்குவோமாக. அடியிலுள்ள சோளமும் மிளகாயும் தக்காளியும் அவரையும் மண்ணுக்குரியவை. மேலேயுள்ள பாற்கட்டியும் ஆடையும் கோழிமுட்டையும் கடல் கடந்து வந்தவை. இரண்டும் அத்தட்டிலே சேர்ந்து நிற்கின்றன.

வந்த கப்பல்கள் திரும்பிச் சென்றபோது சோளத்தை ஏற்றிச் சென்றன. குறைந்த நிலத்தில் மிகுந்த விளைவு தருதலால் அது தென் ஐரோப்பாவின் ஏழைகளுக்கு உணவாயிற்று. ஆயின் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்குங் கலையை அறிந்த பெண்ணை எவரும் உடனழைத்துச் செல்லவில்லை. அவளிடம் எவரும் கேட்கவுமில்லை. 1735இல், ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில், கஸ்பார் கசால் என்னும் வைத்தியர் சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் ஒரு புதிய நோயைக் கண்டார். தோல் சிவந்து வெடித்தது; வயிறு கழிந்தது; அறிவு தடுமாறியது; இறுதியில் உயிர் பிரிந்தது. இத்தாலியர் அதற்குப் பெல்லாகரா என்று பெயரிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நோய் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றியது. 1906 முதல் 1940 வரை அங்கு முப்பது இலட்சம் பேர் அதனாற் பீடிக்கப்பட்டனர் என்றும், ஒரு இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடுவர்.

அது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914இல் அரசாங்கத்தால் அனுப்பப்பட்ட வைத்தியர் ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை விடுதிகளிலே பிள்ளைகள் நோயுற, அவர்களைப் பராமரித்தோர் நோயின்றி இருத்தலைக் கவனித்தார். தொற்றுநோயாயின் அது பிள்ளைகளை மட்டுந் தெரிந்து பற்றுமா? பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கச் செய்தார்; நோய் அகன்றது. குறை உணவில் இருக்கின்றது என்று அவர் நிறுவினார். அக்குறை யாதென அறியுமுன்னரே 1929இல் அவர் காலமானார். 1937இல் கொன்ராட் எல்வெஜெம் என்னும் விஞ்ஞானி அதனைக் கண்டறிந்தார். இன்று நியாசின் எனப்படும் உயிர்ச்சத்தே அது. சோளத்திலே அச்சத்து உண்டு. ஆயின் உடல் ஏற்க இயலாதவாறு கட்டுண்டு கிடக்கின்றது. சுண்ணாம்பு நீர் அக்கட்டை அவிழ்க்கின்றது. அதனோடு அவரையையும் சேர்த்து உண்ட மெக்சிக்கோ உழவர், சோளத்தையே நம்பி வாழ்ந்தும், அந்நோயின் பிடிக்குப் பெரும்பாலும் தப்பினர்.

இவ்வளவு ஆழ்ந்த அறிவு அடங்கிய உணவை அந்நாட்டின் மேற்குடியினர் மதித்தனரோ எனின், இல்லை. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னேஸ் என்னும் மெக்சிக்கோ அரசியலாளர், மனிதரைக் கோதுமை உண்போர், அரிசி உண்போர், சோளம் உண்போர் என மூன்றாக வகுத்து, கோதுமை உண்போரே முன்னேறும் இயல்பினர் என எழுதினார். அரிசி உண்போராகிய நம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க. வறுமையும் நிலமின்மையும் செய்த கேட்டைத் தானியத்தின் தலையிற் சுமத்தும் வாதம் அது. அதற்கு ஓராண்டு முன்னர், 1898இல், சான்பிரான்சிஸ்கோவில் என்கர்னாசியோன் பினேதோ என்னும் பெண்மணி ஸ்பானிய மொழியிற் சமையல் நூலொன்றை வெளியிட்டார். 1848 வரை மெக்சிக்கோவுக்கு உரியதாயிருந்த கலிபோர்னியாவில், நிலத்தை இழந்த குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். சிலாக்கீலஸ் செய்முறை அந்நூலிலே இடம்பெற்றுள்ளது.

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. அம்மியின் முன் முழந்தாளிட்ட பெண் அங்கேயே என்றும் இருக்க விரும்பினாள் அல்லள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்ஸ்தமால் அரைக்கும் எந்திர ஆலைகள் கிராமங்களுக்கு வந்தபோது, அம்மியில் அரைத்த சுவை ஆலையில் இல்லை என்று ஆடவர் பலர் முணுமுணுத்தனர். பெண்களோ வாளியைத் தூக்கிக்கொண்டு ஆலை வாயிலில் நின்றனர். 1934 முதல் 1940 வரை ஆட்சி செய்த லாசாரோ கார்தெனாஸ் அரசாங்கம் பல ஊர்களில் பெண்கள் சங்கங்களுக்கு ஆலைகளை வழங்கிற்று. சுண்ணாம்பிட்டு ஊறவைக்கும் அறிவு அழியவில்லை. முதுகை வருத்திய உழைப்பு மட்டும் நீங்கியது. பழமையில் எதனைக் காப்பது, எதனை விடுவது என்பதை அப்பெண்கள் எவருடைய உபதேசமுமின்றி அறிந்திருந்தனர்.

இன்றும் அந்த ரொட்டி அந்நாட்டு வாழ்வின் அச்சாணியாகவே உள்ளது. அதன் விலை ஏறியபோது, 2007 ஜனவரி 31ஆந் தேதி, பல்லாயிரவர் மெக்சிக்கோ நகர வீதிகளில் திரண்டு எதிர்ப்பைத் தெரிவித்தனர். 2010இல் மெக்சிக்கோவின் மரபுவழிச் சமையல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நிக்ஸ்தமால் முறையும் அம்மியும் அந்தச் சிறப்புக்கு உரியனவாகக் குறிக்கப்பட்டன.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு, இவ்வரலாறு ஒரு பாடமாயிற்று. அறிவு ஏட்டில் மட்டுமே தங்கும் என எண்ணுவது ஆசிரியர்க்கு எளிதில் வரும் மயக்கம். எழுத்தறியாத ஒரு பெண் தன் மகளுக்குக் கைவழியே கற்பித்ததைப் பிறர் கேட்டறிந்திருப்பின், ஓர் இலட்சம் உயிர்கள் தப்பியிருத்தல் கூடும். நம் ஊரிலும், ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் வறுத்திடிப்பதும் அறிந்த மூதாட்டியர் வீடுதோறும் உளர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்று நம் பிள்ளைகள் ஒருமுறை கேட்கட்டும்.

எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சோள மணிகளையே வாங்கி, சுண்ணாம்பிட்டு வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, நன்கு கழுவி அரைத்தோம். ரொட்டி வெடிக்கவில்லை. மனைவியார் சில ரொட்டிகளை வேண்டுமென்றே மறுநாளைக்கு எடுத்துவைத்தார்.