லிஸ்ட் காய்ச்சல்: யாருக்கு, யார் சொன்னது?

1841 டிசம்பர் 27 அன்று பெர்லின் சிங்அகாடமி அரங்கில் ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோ வாசித்தார். வயது 30. அடுத்த பத்து வாரங்களில் அதே நகரத்தில் ஏறத்தாழ இருபது கச்சேரிகள். முதல் நாள் கேட்டவர்கள் அடுத்ததற்கும் வந்தார்கள், அதற்கடுத்ததற்கும் வந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம்.

இந்த மோகத்துக்கு 1844இல் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன 'லிஸ்டோமேனியா' என்று பெயர் வைத்தார். இன்று விளையாட்டாகச் சொல்கிறோமே, அந்த 'மேனியா' அன்று மருத்துவர்களின் சொல். பெண்களின் நோய்களில் தேர்ந்த ஒரு மருத்துவரிடம் இதற்கு விளக்கம் கேட்டதாகவே ஹைன எழுதுகிறார். காந்தம், மின்சாரம், மெழுகுவர்த்திப் புழுக்கம், தொற்று எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நமக்கு இது புதிதல்ல. அகப்பாடல்களில் மகள் மெலிந்தால் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். மகளிடம் கேட்பதில்லை.

கையுறையைக் கிழித்துப் பங்கு போட்டார்கள், சுருட்டுத் துண்டைப் பதக்கத்தில் வைத்து அணிந்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. சில உண்மையாகவே இருக்கலாம். 1842இல் ஹோசெமன் வரைந்த கேலிச்சித்திரத்திலும் தன்னிலை மறந்த பெண்கள்தான் கண்ணில் படுகிறார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச் 3 அன்று லிஸ்ட் பெர்லினை விட்டுக் கிளம்பியபோது ஆறு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அனுப்பிவைத்த மாணவர்கள் அனைவரும் ஆண்கள். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டதே 1908இல்தான். அந்த ஊர்வலத்தைப் பார்த்து யாரும் மருத்துவரைத் தேடிப் போகவில்லை. அது மரியாதை என்று வரலாற்றில் பதிவானது.

ஏன் மறுபடி மறுபடி போனார்கள்? எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877இல். அதற்கு முன் ஒரு வாசிப்பை இன்னொரு முறை கேட்க ஒரே வழி, இன்னொரு முறை போவதுதான். போனவர்கள் இசை அறியாதவர்களும் அல்ல. நடுத்தர வர்க்க வீட்டு மகள்கள் பியானோ கற்பது கல்யாணத்துக்கான தகுதிகளில் ஒன்று. ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' பாடலை வீட்டுக் கூடத்தில் பாடியும் உடன் வாசித்தும் பழகிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். குதிரைக் குளம்படி போல விடாமல் அடிக்கும் அந்த வலக்கைப் பகுதியில் அவள் மணிக்கட்டு நொந்திருக்கும். லிஸ்ட் அதே பாடலைப் பாடகர் இல்லாமல் தனிப் பியானோவில் வாசிக்கிறார். குதிரையும் ஓடுகிறது, தந்தையும் பிள்ளையும் பேசுகிறார்கள். முதல் இரவு திகைப்பிலேயே போய்விடும். பாட்டு எந்த விரலிலிருந்து வருகிறது என்று இரண்டாம் இரவில்தான் தேட முடியும். மடியில் நோட்டுப் புத்தகத்தோடு சபாவில் உட்காரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேட்டு அழுதவர்களில் கிளாரா வீக்கும் ஒருவர். 1838இல் வியன்னாவில் 18 வயதில் அவரே கச்சேரிகளால் நகரத்தைக் கவர்ந்திருந்தார். அவர் பெயரில் கேக் விற்றது, பேரரசர் பட்டம் கொடுத்தார். ஏப்ரலில் அங்கே வந்த லிஸ்டைக் கேட்டபின் தன் வாசிப்பு பள்ளிச் சிறுமியின் வாசிப்பு போலத் தோன்றுவதாக எழுதினார். இதை ரசிகையின் மயக்கம் என்று ஒதுக்க முடியுமா? தொழில் தெரிந்தவரின் அளவீடு அது. பிற்காலத்தில் லிஸ்டின் இசையை அவர் அடியோடு வெறுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1840இல் ராபர்ட் ஷூமனை மணந்தபின், கணவர் இசை எழுதும் நேரங்களில் கிளாராவால் வீட்டில் பியானோவைத் தொட முடியவில்லை. எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். கிளாராவின் பெயரோடு யாரும் 'மேனியா'வை ஒட்டவில்லை. தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசித்ததற்கே அவரைத் திமிர் பிடித்தவர் என்றவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் லிஸ்டின் அபிமானியான எழுத்தாளர் பெட்டினா ஃபோன் ஆர்னிமும் ஒருவர் என்பது கசப்பான விஷயம்.

அரங்கில் இருந்த பெண்கள் தாங்களே எழுதியவை குறைவாகவே நம் கைக்கு வருகின்றன. அதனால்தான் ஏமி ஃபே எனக்கு முக்கியமானவர். அமெரிக்காவிலிருந்து 1869இல் பியானோ கற்க பெர்லின் போனவர், 1873இல் வைமாரில் முதிய லிஸ்டிடம் மாணவியானார். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1880இல் சிகாகோவில் புத்தகமாயின. ஆராதனையை அவர் ஒளிக்கவே இல்லை. கூடவே அந்த மெல்லிய நீண்ட விரல்களையும் வளையும் மணிக்கட்டையும் ஒரு மாணவியின் கண்ணால் குறித்துவைக்கிறார். ஊர் திரும்பியபின் அவர் நடத்திய நிகழ்ச்சிகளுக்கு 'பியானோ உரையாடல்கள்' என்று பெயர். ஒவ்வொரு உருப்படியை வாசிக்கும் முன்பும் அதைப் பற்றிச் சபையோரிடம் பேசுவார்.