ஃபொங் எழுதிய ஏழு பக்கங்கள்

கணனி விளையாட்டு ஒன்றில் ஒரு சிவப்புக் கார் வளைவில் திரும்புவதை ஞாபகப்படுத்திப் பாருங்கோ. கார் திரும்பத் திரும்ப அதன் பொனற்றில் ஒரு வெள்ளை மினுக்கம் வழுக்கிக்கொண்டே போகும். அந்த மினுக்கத்தை எடுத்துவிட்டால் அது கார் இல்லை, சிவப்புக் காகிதத்தில் ஒட்டின பெட்டி. மாயா போன்ற முப்பரிமாண மென்பொருளில் கை வைத்தவர்களுக்கு, ஒரு பொருளுக்கு எந்த மாதிரியான மேற்பரப்புக் குடுக்கிறது என்று தெரிவு செய்கிற பட்டியலில் லம்பேர்ட், பிளின், ஃபொங் என்ற சொற்கள் கண்ணில் பட்டிருக்கும். கனபேர் இவற்றை ஏதோ தொழில்நுட்பச் சொல் எண்டு நினைச்சுக் கடந்து போறது. மூன்றுமே மனிசரின் பெயர்கள். அதில் மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஆள் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பற்றி.

புய் துவொங் ஃபொங் 1942 டிசெம்பரில் ஹனோயில் பிறந்தார். 1954இல் வியட்நாம் வடக்கும் தெற்குமாகப் பிரிந்தபோது குடும்பம் தெற்கே சைகோனுக்குப் போனது. 1964இல் அவர் பிரான்சுக்குப் போய்க் கிரெனோபிளிலும் துலூசிலும் படித்தார். பிறகு அங்குள்ள அரச கணனி ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். 1971இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். இரண்டே வருசத்தில், 1973இல், கலாநிதிப் பட்டம். அந்த ஆய்விலிருந்து எடுத்து எழுதிய கட்டுரை 1975 யூன் மாதம் அச்சில் வந்தது. அடுத்த மாதமே ஃபொங் இறந்துபோனார். வயது 32. மாணவனாக இருந்த காலத்திலேயே அவருக்கு நோய் இருந்தது, அது மாறாத நோய் என்பதும் தெரிந்திருந்தது.

கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘கணனி உருவாக்கும் படங்களுக்கான ஒளியூட்டல்’. 311ஆம் பக்கத்தில் தொடங்கி 317இல் முடியும். ஏழு பக்கம்.

அதில் என்ன இருந்தது என்று பார்க்கமுதல் அந்தக் காலத்து யூட்டாவைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். கணனி வரைகலை என்பது அப்போது ஒரு கைப்பிடி ஆய்வாளர்களின் வேலை. அதில் கனக்கப்பேர் உப்பு ஏரிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். டேவிட் எவான்ஸ் துறையைக் கட்டியெழுப்பினார், ஐவன் சதர்லாண்ட் 1968இல் வந்து சேர்ந்தார். மாணவர்களைப் பாருங்கள்: பிறகு அடோபியைத் தொடங்கிய ஜோன் வார்னொக், சிலிக்கன் கிரஃபிக்சைத் தொடங்கிய ஜிம் கிளார்க், பிக்சாரின் நிறுவுநர்களில் ஒருவரான எட் கட்மல். ஒரு படம் எடுக்கிறதெண்டால் திரையில் வரிவரியாக விழுகிறதைக் கமராவால் பிடிக்கவேண்டிய காலம். 1972இல் சதர்லாண்டின் மாணவர்கள் அவருடைய மனைவியின் ஃபொக்ஸ்வாகன் பீற்றில் காரின் மேல் புள்ளிகளும் கோடுகளும் போட்டு, அளவுத்தடிகளால் ஒவ்வொரு புள்ளியாக அளந்து, காரைக் கணனிக்குள் ஏற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் ஃபொங்கும் ஒருவர்.

கார் உள்ளே போனாப்பிறகுதான் உண்மையான கரைச்சல். கணனிக்கு வளைவு தெரியாது. அதற்குத் தெரிந்தது தட்டையான பல்கோணிகள் மட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் பூசினால் கார் சீவின வாழைக்கிழங்கு மாதிரி முகம் முகமாகத் தெரியும். துண்டுகளைச் சின்னனாக்கினால் சரிவரும் எண்டு நினைப்பீர்கள். வராது. இரண்டு நிறங்கள் சந்திக்கிற ஓரத்தில் இல்லாத கோட்டை எங்கட கண் தானாகவே கூட்டிக் காட்டும். எர்ண்ஸ்ட் மாக் என்ற அறிஞர் 1865இலேயே எழுதிவைத்த விசயம் இது. கணனி விடுகிற பிழையை எங்கட கண் இன்னும் பெருப்பித்துக் காட்டுகிறது.

இதற்கு முதல் நல்ல விடை, பிரான்சிலிருந்து வந்து ஃபொங்குக்குச் சற்று முன்னர் யூட்டாவில் படித்த ஹென்றி கூரோவுடையது, 1971இல் வந்தது. துண்டின் மூலைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணித்து, இடையில் உள்ள புள்ளிகளுக்கு அந்த நிறங்களைக் கலந்து பரப்புவது அவருடைய முறை. மலிவு, விரைவு, பார்க்கவும் வழுவழுப்பு. தன் மனைவியின் முகத்தில் கோடு கீறி அளந்து அந்த முகத்தை இப்படித்தான் அவர் வரைந்தார். ஆனால் ஒரு மினுக்கம் துண்டின் நடுவில் விழவேண்டி வந்தால், மூலைகளில் மட்டும் பார்க்கிற கூரோவின் கணக்குக்கு அது தெரியாது. உருவம் அசையும்போது மினுக்கம் ஒரு மூலையில் தோன்றி, மங்கி, அடுத்த மூலையில் திடீரெனத் தோன்றும்.

ஏ.எல்லில் கணிதம் படித்தவர்களுக்கு ஃபொங் செய்தது உடனே விளங்கும். அவர் நிறத்தைப் பரப்பவில்லை, செவ்வனைப் பரப்பினார். மேற்பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று காட்டுகிற காவியை மூலைகளில் எடுத்து, இடையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுபோனார். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணித்தார். துண்டு தட்டைதான். ஆனால் வெளிச்சத்துக்கு அது வளைந்தது போலத் தெரியும். ஒரு வரியில் சொல்லக்கூடிய மாற்றம். கணக்கோ பல மடங்கு கூடியது.

இரண்டாவது பங்களிப்பு மினுக்கத்துக்கான சூத்திரம். பளபளப்பான பொருளில் வெளிச்சம் தெறிக்கிற திசைக்கும் நீங்கள் பார்க்கிற திசைக்கும் இடையில் உள்ள கோணத்தின் கோசைனை எடுத்து, அதற்கு ஒரு அடுக்குப் போடவேண்டும். அடுக்குச் சின்னன் என்றால் மினுக்கம் பரந்து மங்கலாக, மெழுகு போல இருக்கும். பெரிசு என்றால் கூர்ந்து ஊசிப் பொட்டாகும். இந்த அடுக்கு எந்தப் பௌதிக விதியிலிருந்தும் வந்ததில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற ஒரு வளைவு, அவ்வளவுதான். கடுமையான பௌதிகர் ஒருவர் இதைக் களவு எண்டும் சொல்லலாம்.

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்த இடம் இதுதான். ஃபொங் அந்தக் களவை மறைக்கவில்லை. ஒரு பொருளை நிழலோடும் மேற்பரப்பின் சொரசொரப்போடும் உள்ளது உள்ளபடி காட்ட முடியும் என்று தான் எதிர்பார்க்கவில்லை, ஓரளவு உண்மைபோல் தோன்றுகிற அளவுக்கு நெருங்கினால் போதும் என்ற கருத்தை அவரே அதில் எழுதிவைத்திருக்கிறார். முதலில் வார்னொக் என்ன செய்தார், பிறகு நியூவெல் சகோதரர்களும் சான்சாவும் என்ன செய்தார்கள், கூரோ என்ன செய்தார், எது எங்கே சறுக்குகிறது என்று வரிசையாகப் போகிறார். அதற்குப் பிறகுதான் தன்னுடையது. வெளிச்சத்தின் விதிகளோடு மனிசக் கண்ணின் பழக்கத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். ஆய்வுக் கட்டுரை எண்டால் வாசிக்கிறவரை வெருட்டுகிற மாதிரித்தான் எழுதவேண்டும் என்று எங்கட கம்பசுகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. இதை வாசித்த ஒருவருக்கு அந்த எண்ணம் நிலைக்காது.

இப்போது ஒரு வரைகலை ஆய்வைக் கொண்டுபோக சிக்ராஃப் என்ற பெரிய மாநாடு இருக்கிறது. அதன் முதல் கூட்டம் 1974இல்தான் நடந்தது. வரைகலைக்கென்றே அதே சங்கம் நடத்தும் சஞ்சிகை 1982இல்தான் வந்தது. ஆகவே ஃபொங்கின் கட்டுரை போனது அந்த அமெரிக்கக் கணனிச் சங்கத்தின் பொதுவான மாத சஞ்சிகைக்கு. எல்லாத் துறைக்காரரும் வாசிக்கிற இடம் அது. தன்னுடைய சின்ன வட்டத்துக்கு வெளியே இருக்கிறவருக்கும் விளங்கவேண்டும் என்ற கட்டாயம் எழுத்துக்கும் நல்லதைச் செய்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆய்வேடு நூலகத்தில் கிடக்கும், கட்டுரை கை மாறிப் போகும். 1973இல் பட்டம் கிடைத்த பிறகு அந்த வேலையைச் சுருக்கி எழுதாமல் விட்டிருந்தால் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நோயோடு இருந்தவர், எழுதி முடித்தார்.

காசு எங்கிருந்து வந்தது என்பதையும் பேசத்தான் வேண்டும். யூட்டாவின் வரைகலை ஆய்வுக்குப் பணம் குடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆர்ப்பா என்ற ஆய்வு முகவரகம். அதே ஆர்ப்பா 1961 தொடக்கம் தென்வியட்நாமில் ‘அஜைல்’ என்றொரு திட்டத்தை நடத்தியது. காட்டின் இலைகளை உதிர்க்கிற நஞ்சு மருந்துகளின் ஆரம்பப் பரிசோதனைகள் அதற்குள் வந்தவை. ஃபொங் யூட்டாவில் படித்த காலம் முழுக்க அவருடைய நாட்டில் போர் நடந்தது. 1975 ஏப்ரல் 30 சைகோன் விழுந்தது. அவர் வளர்ந்த நகரம் அது. யூனில் கட்டுரை வந்தது, யூலையில் அவர் போய்விட்டார். இந்த மூன்று மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எங்களுக்குச் சும்மா இருக்க ஏலாது. போர் நடக்கிற ஊரிலிருந்து போய், போருக்கு ஆயுதம் விற்கிற நாட்டின் பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசிலில் படிப்பது எங்களுக்குப் புதுக் கதை இல்லை. அவர் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை அந்த ஏழு பக்கத்தில் தேடுவது வீண். அங்கே வெளிச்சத்தைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது.

பெயரைப் பற்றியும் கொஞ்சம். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னுக்கு வரும், ஆளின் பெயர் கடைசியில் வரும். புய் குடும்பப் பெயர், ஃபொங் அவருடைய சொந்தப் பெயர். கட்டுரையில் அந்த ஒழுங்கில்தான் பெயர் போட்டிருக்கிறது. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று பழகிய மேற்கு உலகம் ‘ஃபொங்’கைப் பிடித்துக்கொண்டது. உசாத்துணைப் பட்டியல்களில் அவர் சில இடத்தில் ‘ஃபொங்’ என்ற எழுத்தின் கீழ் வருவார், சில இடத்தில் ‘புய்’ என்பதன் கீழ். மேற்கின் கணக்கில் பார்த்தால் அது பிழை. ஆனால் வியட்நாமில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிடும்போதும் சொந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். ஆகவே பிழையாலேயே அவருக்கு அவருடைய சொந்தப் பெயர் நிலைத்தது.

தகப்பன்ர பேரை முன்னுக்கும் தன்ர பேரைப் பின்னுக்கும் எழுதுகிற எங்களுக்கு இது உடனே விளங்கும். ‘சேர்நேம்’ என்று கேட்கிற படிவத்துக்கு முன்னால் ஒருமுறையாவது தடுமாறாத ஆள் எங்களில் குறைவு. வெளிநாட்டில் வாழ்நாள் முழுக்கத் தகப்பனின் பெயரால் கூப்பிடப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சந்திரசேகர் தப்பினார். சுப்பிரமணியன் அவருடைய தகப்பனாரின் பெயர், சந்திரசேகர்தான் அவர். நட்சத்திரங்களுக்குள் கதிர்வீச்சு எப்படிக் கடந்துபோகிறது என்று அவர் 1950இல் வெளியிட்ட புத்தகத்தை, 1980களில் கணனியில் மேகமும் புகையும் வரைய முயன்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஃபொங்கும் சந்திரசேகரும் ஒரே உசாத்துணைப் பட்டியலில் சந்திக்கக்கூடிய துறை இது. இருவரும் அங்கே நிற்பது தங்கள் சொந்தப் பெயரில்.

கட்டுரைக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1977இல் ஜிம் பிளின், அவரும் யூட்டாக்காரர், ஃபொங்கின் சூத்திரத்தைப் பௌதிகர்களின் அளவீடுகளோடு வைத்துப் பார்த்து, வெளிச்சத்தின் திசைக்கும் பார்வையின் திசைக்கும் நடுவில் நிற்கிற காவியைக் கொண்டு அதைத் திருத்தினார். ஃபொங் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்ததால் திருத்துவது சுலபமாக இருந்தது. 1992இல் வந்த ஓப்பன்ஜிஎல் அந்தத் திருத்திய சூத்திரத்தை எடுத்துக்கொண்டது, ஆனால் அதை மூலைகளில் மட்டும் கணித்து, இடையில் கூரோ முறையில் நிறத்தைப் பரப்பியது. ஒவ்வொரு புள்ளியிலும் கணிக்க அந்தக் காலத்து இயந்திரங்களுக்குச் சக்தி காணாது. ஃபொங்கின் பாதியும் கூரோவின் பாதியுமாகப் பத்து வருசம் ஓடியது. 2001க்குப் பிறகு, நிரல் எழுதி மாற்றக்கூடிய வரைகலை அட்டைகள் கடைகளுக்கு வந்தபோதுதான் அவர் எழுதிய மாதிரியே, ஒவ்வொரு பிக்சலிலும், வீட்டுக் கணனியில் அந்த மினுக்கம் விழத் தொடங்கியது.

இன்றைக்குப் பெரிய விளையாட்டுகளும் படங்களும் பௌதிகத்துக்கு இன்னும் நெருக்கமான மாதிரிகளுக்கு மாறிவிட்டன. ஃபொங்கின் சூத்திரம் வகுப்பறைக்குப் போய்விட்டது. வரைகலை படிக்கத் தொடங்குகிற மாணவர் முதலில் ஒரு பந்தை வரைவார், அது தட்டையான வட்டமாகத் தெரியும். அடுத்ததாக இந்தச் சூத்திரத்தை எழுதுவார். இருபது வரிகூட வராது. பந்தின் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழும்.