காணாக்கடி

காணாக்கடி என்பது தோலில் திடீரெனத் தோன்றி, அரிப்பை உண்டாக்கி, தழும்பின்றி மறையும் தடிப்பு ஆகும். கண்ணுக்குப் புலப்படாத கடி என்பது இப்பெயரின் பொருள். எனினும் பூச்சிக்கடி இதன் பல காரணங்களுள் ஒன்று மட்டுமே. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

காரணங்கள்

தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடும்போது, நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து தோல் தடிக்கிறது. நிலக்கடலை, முட்டை, மீன் போன்ற உணவுகள், பெனிசிலின் போன்ற மருந்துகள், நோய்த்தொற்று, குளிர், அழுத்தம் ஆகியன இதனைத் தூண்டக்கூடும். பல வேளைகளில் காரணம் தெரிவதில்லை. தேனி மாவட்டத்தின் தேவாரம் போன்ற மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரப் பகுதிகளில் வளரும் காஞ்சொறிச் செடியின் கொட்டும் மயிர்கள் பட்டாலும் இத்தகைய தடிப்பு உண்டாகும்.

அறிகுறிகள்

ஒவ்வொரு தடிப்பும் பொதுவாக 24 மணி நேரத்திற்குள் மறையும். வேறிடத்தில் புதியது தோன்றலாம். 6 வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது நாட்பட்ட காணாக்கடி எனப்படும்.

மேலாண்மை

குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றுவதும், தளர்வான பருத்தி ஆடை அணிவதும் அரிப்பைத் தணிக்கும். செட்டிரிசின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பர். தூண்டும் பொருள் தெரிந்திருப்பின் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

அபாய அறிகுறிகள்

உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தடிப்புடன் சேர்ந்து தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். இதற்கு முதன்மையான மருந்து அட்ரினலின் ஊசியாகும். வீட்டு மருத்துவத்தில் நேரம் கழிக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுதல் இன்றியமையாதது.