பனியின் உச்சமும் தூஸியின் கணக்கும்

மலைநாட்டு மக்களுக்குக் குளிர்காலப் பனியே கோடைக்கான நீர்ச் சேமிப்பு. அதன் ஆழம் எப்போது உச்சமடையும், எப்போது கரையும் என்பது அவர்தம் வாழ்க்கைக் கேள்வியாகும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இலத்தீன் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் சர்ச், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோஸ் மலைப் பனியில் குழாயை இறக்கி அதன் ஆழத்தையும் எடையையும் அளந்தார். இத்தகைய அளவுகளை வரைபடத்தில் குறித்தால், மெல்ல ஏறி விரைந்து இறங்கும் வளைகோடு பல இடங்களில் கிடைக்கும்.

அக்கோட்டுக்கு எளிய மாதிரி ஒன்றை அமைப்போம். பனிக்காலம் ஆறு மாதம் என்க. கழிந்த மாத எண்ணை அதனாலேயே பெருக்கி, வந்ததை எஞ்சிய மாத எண்ணால் மீண்டும் பெருக்குவோம். முதல் மாத முடிவில் 5 அங்குலம். பின்னர் 16, 27, 32, 25. ஆறாம் மாத முடிவில் ஒன்றுமில்லை. இது மூன்றாம்படிப் பல்லுறுப்புக் கோவை. உண்மைப் பனி எச்சூத்திரத்துக்கும் முற்றிலும் கட்டுப்படாது. எனினும் அதன் போக்கை இது காட்டுகிறது.

இவ்வகைக் கோவையை எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே ஆராய்ந்தவர் ஷரஃபுத்தீன் அத்தூஸி. (வானியலறிஞர் நஸீருத்தீன் அத்தூஸி வேறொருவர்.) திமிஷ்க், ஹலப், மோஸுல் நகரங்களில் கற்பித்த இவர் 1213 அளவில் மறைந்தார். உமர் கய்யாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளின் துணையால் தீர்த்திருந்தார். தூஸியோ, விடை உண்டா, உண்டெனில் எத்தனை என்பதைத் தனியே ஆராய்ந்தார்.

நம் பனியில் அதைப் பொருத்திக் காண்போம். 33 அங்குலம் ஒருபோதும் வாராது. 32 ஒரே முறை வரும். அதற்குக் குறைந்த ஆழம் ஒவ்வொன்றும் இருமுறை வரும்: ஏறுகையில் ஒன்று, இறங்குகையில் ஒன்று. உச்சம் அமைவது காலத்தின் மூன்றில் இரு பங்கில், அதாவது நான்காம் மாத முடிவில். இம்மூன்று நிலைகளையும் உச்சத்தின் இடத்தையும் தூஸி, இன்றைய குறியீடுகள் எவையுமின்றி, சொற்களாலும் வடிவியலாலும் நிறுவினார்.

அவர் நுண்கணிதத்தையே கண்டுபிடித்துவிட்டார் எனப் பெருமை பேசத் தோன்றும். அவர் நூலை 1986இல் பாரிசில் பதிப்பித்த ரோஷ்தி ராஷித், வகையீட்டின் கருத்து அதில் உண்டென்றார். வேறு வரலாற்றாசிரியர் சிலர் அதனை ஏற்கவில்லை. தூஸி பனியை அளந்தவருமல்லர். நாம் இன்று வரையும் வரைபடத்தை வரைந்தவருமல்லர். அவ்வரைபடத்துக்கு வழி திறந்தது தெக்கார்த்தின் 1637ஆம் ஆண்டு நூலாகும்.

இல்லாததை ஏற்றிச் சொன்னால் உள்ளதையும் உலகம் ஐயுறும். விடையைத் தேடுமுன் அதன் எல்லையை அறிய வேண்டும் என்ற அவரது நெறி ஒன்றே போதும். நம் பிள்ளைகளுக்கு நாம் தயங்காமல் எடுத்துரைக்கத்தக்க செல்வம் அது.